கோப்பைக்குப் பின்னால் ஊதியமற்ற உழைப்பு: கேரளப் படகு மன்றங்களை நடத்துவோர் யார்?

பாறசாலை: ஆலப்புழை புன்னமடைக் காயலில் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி நடைபெற்ற நேரு கோப்பைப் படகுப் போட்டியின் இறுதிச் சுற்றில், காரிச்சால் சுண்டன் வள்ளம் 4 நிமிடம் 29.785 விநாடிகளில் இலக்கை எட்டியது. அதனுடன் போட்டியிட்ட வீயபுரம் சுண்டன் எடுத்துக்கொண்ட நேரம் 4 நிமிடம் 29.790 விநாடிகள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு விநாடியில் 200-இல் ஒரு பங்கு மட்டுமே.

இந்த நூலிழை வெற்றியைத் தொலைக்காட்சியில் கண்டவர்களின் நினைவில் துடுப்பாளர்களின் வேகம் நிற்கும். ஆனால், ஏறத்தாழ நூறு பேரை ஒரே வள்ளத்தில் அமர்த்தி, வாரக்கணக்கில் உணவளித்து, பயிற்சிக்கு அழைத்துச் சென்று, செலவுக்குப் பணம் திரட்டி, இறுதியில் கணக்கும் ஒப்படைப்பவர்கள் பெரும்பாலும் படத்தில் இடம்பெறுவதில்லை. 'போட் கிளப்' என்று மக்கள் அழைக்கும் படகு மன்றங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரே அவர்கள். இவை பெரும்பாலும் ஊதியமில்லாத கௌரவப் பொறுப்புகள்.

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார மக்களுக்கும் நீரும் படகும் புதியவை அல்ல. ஓணம் திருநாளையொட்டி நடைபெறும் படகுப் போட்டிகளை எல்லையின் இருபுறத்தாரும் ஆவலுடன் காண்கின்றனர். இந்தப் போட்டிகளை நடத்தும் தன்னார்வத் தலைமை எவ்வாறு இயங்குகிறது, அதன் பொறுப்புகள் எவை, அது எதிர்கொள்ளும் நெருக்கடி என்ன என்பதை விளக்குகிறது இந்தக் கட்டுரை.

வள்ளம் வேறு, மன்றம் வேறு

படகுப் போட்டிகளைப் புதிதாகக் காண்போருக்கு முதலில் எழும் குழப்பம், வெற்றி யாருடையது என்பதே. சுண்டன் வள்ளம் என்னும் பாம்புப் படகு பொதுவாக ஓர் ஊரின் பெயரைத் தாங்கியிருக்கும். ஊர் மக்கள் பணம் திரட்டிக் கட்டிய வள்ளங்கள் பல உண்டு. அவற்றைப் பராமரிப்பதற்கெனத் தனிக் குழுவும் இருக்கும். அந்த வள்ளத்தைப் போட்டியில் செலுத்துவது படகு மன்றம். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னதாக, வள்ளத்தின் உரிமையாளர்களுடன் மன்றத்தினர் பேசி உடன்பாடு செய்துகொள்கின்றனர்.

இதற்குப் பள்ளாத்துருத்தி படகு மன்றம் தெளிவான எடுத்துக்காட்டு. இம்மன்றம் 2018, 2019, 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து ஐந்து முறை நேரு கோப்பையை வென்றது. கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் போட்டி நடைபெறவில்லை. இந்த ஐந்து வெற்றிகளும் பாயிப்பாடு, நடுபாகம், மகாதேவிகாடு காட்டில் தெக்கேதில், வீயபுரம், காரிச்சால் என ஐந்து வெவ்வேறு வள்ளங்களில் பெறப்பட்டவை.

இவற்றுள் வீயபுரம் வள்ளத்தின் பயணம் தனிக் கவனத்துக்குரியது. 2023-இல் பள்ளாத்துருத்தி மன்றத்தினர் செலுத்தி வென்ற அதே வள்ளத்தை, 2024-இல் கைநகரி வில்லேஜ் படகு மன்றத்தினர் செலுத்தி நூலிழையில் கோப்பையைத் தவறவிட்டனர். மறு ஆண்டு, 2025 ஆகஸ்ட் 30-ஆம் தேதி நடைபெற்ற போட்டியில் அதே மன்றம் அதே வள்ளத்தில் 4 நிமிடம் 21.084 விநாடிகளில் இலக்கை எட்டிக் கோப்பையைக் கைப்பற்றியது.

எந்த வள்ளத்தைத் தேர்வு செய்வது, அதில் எத்தகைய உடற்கட்டு உடையவர்களை எங்கே அமர்த்துவது, தோற்ற பின்னரும் அணியைக் கலையாமல் காப்பது எப்படி ஆகிய முடிவுகளில்தான் மன்றத் தலைமையின் திறன் வெளிப்படுகிறது.

நேரு அளித்த வெள்ளிக் கோப்பை

இன்றைய மன்றங்களின் போட்டி மரபுக்கு 1952-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு டிசம்பரில் ஆலப்புழைக்கு வருகை தந்த பிரதமர் ஜவாஹர்லால் நேருவின் முன்னிலையில் சுண்டன் வள்ளங்களின் போட்டி நடத்தப்பட்டது. நடுபாகம் வள்ளம் வென்றது. உற்சாகமடைந்த நேரு, பாதுகாப்பு ஏற்பாடுகளையும் பொருட்படுத்தாது அந்த வள்ளத்தில் ஏறிக்கொண்டார். தில்லி திரும்பியபின், சுண்டன் வள்ளத்தின் வடிவில் அமைந்த வெள்ளிக் கோப்பையை அவர் அனுப்பிவைத்தார். தொடக்கத்தில் பிரதமர் கோப்பை என வழங்கப்பட்ட அது, பின்னர் நேரு கோப்பை எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சுண்டன் வள்ளம் பொதுவாக 100 அடிக்கும் மிகுந்த நீளம் கொண்டது. அயினி மரப் பலகைகளால் கட்டப்படுவது. அதன் பின்புறம் நாகத்தின் படம்போல் உயர்ந்து நிற்கும். இருபுறமும் துடுப்பாளர்கள் வரிசையாக அமர, பின்முனையில் நீண்ட துடுப்புகளுடன் நிற்கும் அமரக்காரர்கள் திசையைக் கட்டுப்படுத்துவர். நடுவில் நிற்போர் பாடியும் கட்டையால் பலகையை இடித்தும் தாளம் தருவர். ஒருவர் தாளம் தப்பினால் அவருக்கு முன்னும் பின்னும் உள்ளவர்களின் துடுப்புகள் மோதிக்கொள்ளும்.

ஆறன்முளையில் நிலைமை சற்று வேறுபட்டது. அங்குள்ள பள்ளியோடங்கள் ஆலய மரபைச் சார்ந்தவை. பம்பை ஆற்றின் கரையோரக் கிராமங்கள் தத்தமக்கெனப் பள்ளியோடம் வைத்துள்ளன. ஊர்ச் சபையினர் அதைப் பராமரிக்க, பள்ளியோட சேவா சங்கம் அவற்றை ஒருங்கிணைக்கிறது. ஆலய நெறிகளைப் பேணுவது அங்குள்ள தலைமையின் முதற்கடமை; வெற்றி அதற்கு அடுத்ததே. இரு மரபுகளுக்கும் பொதுவானது, ஊரார் நம்பிக்கை வைத்து ஒப்படைத்த பொறுப்பு என்பதாகும்.

யாருக்கு என்ன பொறுப்பு?

படகு மன்றத்தின் நிர்வாகம் பெரும்பாலும் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு என்ற அமைப்பில் இயங்குகிறது. போட்டிப் பருவத்தில் இவர்களுடன் கேப்டன், முன்னணிக் கேப்டன் ஆகிய இருவரும் இணைகின்றனர். கேப்டன் பொறுப்பு, அணிக்குப் பெருமளவில் பொருளுதவி செய்பவருக்கோ ஊரில் மதிப்புமிக்க ஒருவருக்கோ அளிக்கப்படுவது வழக்கம். களத்தில் அணியை வழிநடத்தும் பணி முன்னணிக் கேப்டனைச் சார்ந்தது.

போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே பயிற்சி முகாம் தொடங்கிவிடும். துடுப்பாளர்களில் மீனவர்கள், விவசாயத் தொழிலாளர்கள், கட்டுமானப் பணியாளர்கள், மாணவர்கள், அரசு ஊழியர்கள் எனப் பல தரப்பினர் உண்டு. முகாம் நாள்களில் அன்றாடக் கூலியை இழப்பவருக்குப் படி வழங்க வேண்டும். காலையும் மாலையும் பயிற்சி; மூன்று வேளையும் நிறைவான உணவு. மது அருந்துதல், முகாமைவிட்டு வெளியேறுதல் போன்றவற்றில் கண்டிப்பு தேவை. அண்டை வீட்டாரையும் உறவினரையும் உள்ளடக்கிய அணியில் அந்தக் கண்டிப்பைக் கடைப்பிடிப்பது எளிதன்று.

அணித் தேர்வே இதில் கடினமான கட்டம். சென்ற ஆண்டு துடுப்பு பிடித்தவரை இவ்வாண்டு உட்கார வைப்பதா, வேண்டாமா என்ற முடிவு ஒரு குடும்பத்தின் மனத்தைப் புண்படுத்தக்கூடும். சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் முடிவெடுத்துவிட்டுத் தன் ஊர் திரும்பலாம். செயலாளரோ மறுநாள் அதே தேநீர்க் கடையில் அதே குடும்பத்தாரைச் சந்திக்க வேண்டும்.

பணம் வரும் வழியும் போகும் வழியும்

நேரு கோப்பைக்கான தயாரிப்பில் முன்னணி மன்றம் ஒன்றின் செலவு பல லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. துடுப்பாளர் படி, உணவு, வள்ளத்தின் செப்பனிடல், பயிற்சிப் படகு, போக்குவரத்து, சீருடை என்று பட்டியல் நீளும். ஏற்பாட்டாளர்கள் வழங்கும் ஊக்கத் தொகை, நன்கொடை, விளம்பரதாரர் உதவி, வெளிநாடு வாழ் ஊர்க்காரர்கள் அனுப்பும் தொகை ஆகியவையே வரவு.

செலவு முன்னரே நிகழ்ந்துவிடும்; வரவு பின்னர்தான் வந்து சேரும். இடைப்பட்ட காலத்தில் கடைக்காரரிடம் கடன் சொல்வதும் நண்பர்களிடம் கைமாற்று வாங்குவதும் பொறுப்பாளர்களின் தலையில் விழுகிறது.

2024-ஆம் ஆண்டு இந்த நெருக்கடியை வெளிச்சமிட்டுக் காட்டியது. நேரு கோப்பை அவ்வாண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி நடைபெறுவதாக இருந்தது. ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவுப் பேரிடரைத் தொடர்ந்து போட்டி ஒத்திவைக்கப்பட்டது. துயர வேளையில் கொண்டாட்டம் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் மன்றங்கள் அதற்குள் முகாம்களைத் தொடங்கிப் பெருந்தொகை செலவிட்டிருந்தன. செப்டம்பர் இறுதியில் போட்டி நடந்தபோது அதே செலவை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. இத்தகைய இழப்பு, ஊதியமில்லாப் பொறுப்பில் இருப்போரின் தனிப்பட்ட சேமிப்பையும் பாதிக்கிறது.

லீக் போட்டி கொண்டுவந்த மாற்றம்

கேரள சுற்றுலாத் துறை 2019-இல் சாம்பியன்ஸ் படகு லீக் போட்டியைத் தொடங்கியது. ஒன்பது அணிகள், பல ஊர்களின் நீர்நிலைகளில் 12 போட்டிகள் என்ற வடிவில் அது அறிமுகமானது. முதலிடத்துக்கு 25 லட்சம் ரூபாய், இரண்டாமிடத்துக்கு 15 லட்சம், மூன்றாமிடத்துக்கு 10 லட்சம் எனப் பரிசுகள் அறிவிக்கப்பட்டன. ஓணத்தையொட்டிய சில வாரங்களுக்கு மட்டும் கூடிக் கலைந்த அணிகள், பல மாதங்கள் இணைந்திருக்கும் நிலை உருவானது.

வெளிமாநிலங்களைச் சேர்ந்த துடுப்பாளர்களையும் மன்றங்கள் அழைத்துவரத் தொடங்கின. உள்ளூர்த் தன்மை மறைந்துவிடாதிருக்க, வெளிமாநிலத்தவர் எண்ணிக்கை ஓர் அணியில் 25 சதவீதத்துக்கு மிகக் கூடாது என்ற வரம்பு கடைப்பிடிக்கப்படுகிறது.

இதனால் மன்றச் செயலாளரின் பணி, ஊர்த் திருவிழாக் குழுவினரின் பணியைப் போலன்றி, ஒரு நிறுவன மேலாளரின் பணியை நெருங்கியுள்ளது. ஒப்பந்தம், வரிக் கணக்கு, அடையாளச் சான்று, தங்குமிடம், மேல்முறையீடு அனைத்தையும் அவரே கவனிக்க வேண்டும். பொறுப்பு பெருகிய அளவுக்கு அதை ஏற்கும் கைகள் பெருகவில்லை என்பதே இன்றைய சிக்கல்.

இதற்கிடையே பெண்களின் பங்கேற்பு நம்பிக்கை தருகிறது. நேரு கோப்பையில் தெக்கனோடி வகைப் படகுகளைப் பெண்கள் அணியினர் செலுத்துகின்றனர். துடுப்புப் பிடித்த பெண்கள் மன்ற நிர்வாகத்துக்கும் வரும்போது, பொறுப்பைப் பகிர்ந்துகொள்வோரின் வட்டம் விரிவடையும்.

நெய்யாற்றின் முகத்துவாரத்தில்

அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரையைக் கடந்து பூவார் அருகே கடலில் கலக்கிறது. பூவாரிலிருந்து தமிழகப் பகுதியை நோக்கிச் செல்வது அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் 1860-இல் பணி தொடங்கப்பட்ட இக்கால்வாய், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்கும் நோக்கம் கொண்டது. முழுமை பெறாத இக்கால்வாயில் பூவார் முதல் கன்னியாகுமரி மாவட்டத்தின் இரயுமன்துறை வரையிலான சுமார் 11 கிலோமீட்டர் தொலைவு, 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டத்தின்கீழ் 13-ஆவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது.

இவ்வட்டாரத்துக்கு வடக்கே உள்ள வெள்ளாயணி ஏரியில், ஓணக் காலத்தில் அய்யன்காளியின் பெயரால் படகுப் போட்டி நடத்தப்படுகிறது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பொதுச் சாலையில் நடக்கும் உரிமை மறுக்கப்பட்ட காலத்தில், 1893-இல் வில்வண்டியில் பயணம் செய்து அத்தடையை மீறியவர் அய்யன்காளி. அவர் பிறந்த வெங்ஙானூருக்கு அருகிலுள்ள ஏரியில், அவர் பெயர் தாங்கிய கோப்பைக்காக ஊர் அணிகள் துடுப்புப் பிடிக்கின்றன. ஆலப்புழையின் பெரும் சுண்டன் வள்ளங்களும் தொலைக்காட்சி வெளிச்சமும் இங்கு இல்லை. எனினும், இளைஞர்களைத் திரட்டுவதும் செலவைச் சமாளிப்பதும் அவர்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பதும் இங்கும் அதே தன்னார்வலர்களின் வேலையே.

தன்னார்வத் தலைமை உயிர் காத்த தருணம்

தன்னார்வத் தலைமையின் மதிப்பை நாடு முழுவதும் உணர்ந்த தருணம் 2018 ஆகஸ்ட் பெருவெள்ளம். பூவார், பொழியூர், விழிஞ்ஞம் உள்ளிட்ட திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களின் மீனவர்கள், தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு பத்தனம்திட்டை, செங்கன்னூர் பகுதிகளுக்கு விரைந்தனர். அவர்கள் போட்டி மன்றத்தினர் அல்லர். கடலை நம்பி வாழ்பவர்கள். ஆயினும் அங்கு இயங்கியதும் அதே வகையான ஊர்த் தலைமைதான். பங்குத் தேவாலயங்களும் மீனவர் சங்கங்களும் செய்தியைப் பரப்பின. எந்தப் படகு செல்லும், யார் உடன் செல்வர், எரிபொருள் எங்கே கிடைக்கும் என்பவை ஒரே இரவில் முடிவு செய்யப்பட்டன.

மாநிலம் முழுவதும் 669 படகுகளில் சென்ற ஏறத்தாழ 4,500 மீனவர்கள், குறைந்தது 65,000 பேரை மீட்டதாகக் கணக்கிடப்பட்டது. மதில்களிலும் மரங்களிலும் மோதிப் பல படகுகள் சேதமடைந்தன. ஆபத்து வேளையில் யாரைத் தொலைபேசியில் அழைத்தால் பத்துப் பேர் திரண்டு வருவர் என்பதை ஓர் ஊர் முன்கூட்டியே அறிந்திருப்பது எத்தகைய பலம் என்பதை அந்த நாள்கள் உணர்த்தின.

சட்டம் சொல்வது என்ன?

பாறசாலை உள்ளிட்ட பழைய திருவிதாங்கூர்ப் பகுதிகளில் இத்தகைய மன்றங்கள் 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறக்கொடைச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யலாம். குறைந்தது ஏழு பேர் இணைந்தால் சங்கம் அமைக்க இயலும். எல்லைக்கு இப்பால், களியக்காவிளை முதலான தமிழகப் பகுதிகளில் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். ஒரே பேச்சும் ஒரே உறவும் கொண்ட அண்டை ஊர்கள் என்றாலும், மன்றம் எந்தப் பக்கம் அமைகிறதோ அந்த மாநிலச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும்.

பதிவு செய்வதன் பயன் சான்றிதழோடு முடிவதில்லை. மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கவும், சொத்தும் கடனும் தனிநபரின் பெயரில் சேராமல் தடுக்கவும் அது துணைபுரியும். இருவர் கூட்டாகக் கையொப்பமிட்டுப் பணம் எடுக்கும் முறையும், ஆண்டுப் பொதுக்குழுவில் கணக்கை வாசித்து ஒப்புதல் பெறும் வழக்கமும் பொருளாளரை வீண் பழியிலிருந்து காக்கும்.

படகுப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவானது. இயந்திரம் பொருத்திய கலங்களுக்கு ஆய்வும் பதிவும் கட்டாயம். இயந்திரமில்லாத படகுகளையும் உள்ளூர் அளவில் பதிவு செய்ய அச்சட்டம் வழிவகுக்கிறது.

இந்த விதிகள் ஏட்டளவில் நின்றால் என்ன நேரும் என்பதற்குக் கேரளத்தில் துயரச் சான்றுகள் உண்டு. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7-ஆம் தேதி மலப்புரம் மாவட்டம் தானூரில், அளவுக்கு மீறிப் பயணிகளை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். இவை வணிகச் சுற்றுலாவில் நேர்ந்த விபத்துகள். படகு மன்றங்களுக்கு இவற்றில் தொடர்பில்லை. ஆயினும், எத்தனை பேரை ஏற்றுவது, உயிர்காப்பு அங்கி அணிந்தார்களா, வானிலை எப்படி என்ற வினாக்கள் எல்லாப் படகுகளுக்கும் பொதுவானவை. பூவார் போன்ற பொழிமுகங்களில் மணல்திட்டு இடம் மாறுவதாலும் நீரோட்டம் திடீரெனத் திசை திரும்புவதாலும் இந்த வினாக்கள் மேலும் முக்கியத்துவம் பெறுகின்றன.

அடுத்த தலைமை எங்கிருந்து வரும்?

தன்னார்வத் தலைமை கேரளத்துக்கு மட்டும் உரியதன்று. சென்னை அடையாற்றில் 1867 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் படகு மன்றமும் உறுப்பினர்களுள் தேர்ந்தெடுக்கப்படும் குழுவால் நடத்தப்படுவதே. கொழும்பு மன்றத்துடன் அது மோதும் துடுப்புப் போட்டியின் வரலாறு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. ஒரு குழு ஓய்வு பெறும் முன்பே அடுத்த குழுவைப் பழக்கிவிடுவது இத்தகைய மன்றங்கள் நீடிப்பதற்கு இன்றியமையாதது.

ஊர் மன்றங்களில் பெரும்பாலும் அது நிகழ்வதில்லை. ஒரே நபர் பல ஆண்டுகள் செயலாளராக இருப்பார். கணக்கு அவர் நோட்டுப் புத்தகத்திலும், தொடர்புகள் அவர் கைபேசியிலும் இருக்கும். அவர் நோயுற்றாலோ வேலைக்காக வெளிநாடு சென்றாலோ மன்றம் தடுமாறும். துணைச் செயலாளராக ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ சேர்த்து, வரவு செலவு எழுதுவது முதல் வள்ளத்துக்கு எண்ணெய் பூசும் பருவம் வரை பழக்கிவைப்பது செலவில்லாத தீர்வாகும். பொறுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கால வரம்பு விதிப்பதும் புதியவர்களின் தயக்கத்தைக் குறைக்கும்.

படகு மன்றப் பொறுப்பாளர் எடுக்கும் முடிவுகளில் மிகக் கடினமானது, ஆயிரக்கணக்கானோர் கரையில் காத்திருக்கையில், நீரின் நிலை சரியில்லை என்று கண்டு இன்று வள்ளம் இறங்காது என அறிவிப்பதுதான். அந்த அறிவிப்புக்குக் கைதட்டல் கிடைக்காது. ஏச்சும் பேச்சும் கிடைக்கக்கூடும். ஆனாலும் அன்று மாலை நூறு பேரும் தத்தம் வீடு திரும்பியிருப்பர்.